கழுத்தில் ஒரு விரல்

சுவா,
பிப்ரவரி 9, 2004

அன்புத் தம்பி வாட்டிசோனிக்கு,

நான் நலம். நீயும் உன் மனைவி லிட்டியாவும் போன மாதக் காற்றுக்குத் தப்பிய கூரையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு வாய் வழியாக, காலும் வாலும் முளைத்து உன்னிடம் வந்து சேரும். செவ்வாய்க்கிழமை வகுப்பில் மாதிரி நீதிமன்றம் நடந்துகொண்டிருந்தபோது நான் காற்று விட்டேன். அறை முழுக்கக் காது கேளாதவர்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். எது ஓசையோடு போகும், எது ஓசையில்லாமல் போகும் என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியாது. ஆனால் மூலையில் காது கேட்கும் மொழிபெயர்ப்பாளர் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கதவு சாத்தினாலும் நாய் குரைத்தாலும், அறையில் எழும் ஓசை ஒவ்வொன்றையும் எங்களுக்குக் கையால் சொல்லியாக வேண்டும். பாவம், முகம் சிவந்துபோய், கைகளை உயர்த்தி, ஓசையின் நீளம், ஏற்ற இறக்கம், புறப்பட்ட இடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தாள். நீதிபதியாக நடித்தவன் நாற்காலியோடு சரிந்தான்.

நான் படிக்கும் படிப்பு என்ன என்று கேட்டிருந்தாய். செவிடன் எப்படி மொழிபெயர்ப்பான் என்று உன் சர்க்கரை ஆலைக்காரர்கள் சிரித்தார்களாமே. பள்ளிக்கூடமே பார்க்காத காது கேளாதவர்கள் தீவுகளில் நிறையப் பேர். அவர்கள் தாங்களே கண்டுபிடித்த கையசைவில் பேசுவார்கள். படித்து வந்த காது கேட்கும் மொழிபெயர்ப்பாளருக்கு அது பிடிபடாது. அப்போது நடுவில் என்னைப் போல ஒரு செவிடன் உட்கார்ந்து, அவர்கள் பேச்சை எங்கள் சைகைமொழிக்கு மாற்ற, காது கேட்பவர் அதை வாயால் சொல்லுவார். நீதிமன்றம், ஆஸ்பத்திரி, காவல் நிலையம் எல்லா இடத்திலும் இதற்குத் தேவை இருக்கிறது.

மெல்போர்னிலிருந்து வந்திருக்கும் கிளெண்டா எங்கள் ஆசிரியை. அவளும் காது கேளாதவள். முதல் நாளே, "உள்ள பாத்தது உள்ளயே கெடக்கணும். வீட்டுக்காரிகிட்டக்கூட மூச்சு விடக்கூடாது" என்றாள்.

"எனக்குத்தான் வீட்டுக்காரியே கெடையாதே" என்றேன்.

"அப்ப உனக்கு ரொம்பச் சுலபம்."

உன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாது. லிட்டியாவுக்கு என் அன்பு.

உன் அண்ணன்,
கிட்டியோனி


லம்பாசா,
பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணா,

கடவுள் தயவில் இருவரும் சுகம். உன் சுகத்தை உன் கடிதமே சொன்னது, ஓசையோடு.

வழக்கம்போல யங்கோனா வேரைக் கரைத்த பானச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆலைக்காரர்களுக்கு அதை வாசித்துக்காட்டினேன். வெரெனிக்கி குடித்ததை மூக்கு வழியே விட்டான். "அடுத்த காகிதம் எப்படா வரும்?" என்று தினமும் கேட்கிறான். எங்கள் பக்கம் உனக்குச் சினிமா நடிகனைவிடப் பேர்.

இங்கே ஒரு கெட்ட காரியம் நடந்துவிட்டது. சனிக்கிழமை எழுவர் ரக்பிப் போட்டி முடிந்து இரண்டு பக்கமும் கைகலப்பு. பல் தெறித்தது, வேலிக்கட்டையைப் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள், ஒருவன் காதைக் கடித்துத் துப்பினான். அது எப்போதும் நடப்பதுதான். ஆனால் மரலாரி ஓட்டும் எசாவாவை மைதானத்துக்குப் பின்னால், ஆற்றங்கரையில் கண்டெடுத்தார்கள். தலை ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. புதன்கிழமை இறந்தான். இரும்புக் குழாயால் அடித்திருக்கிறார்கள். போலீஸ் மேட்டுத்தெரு சௌலாவைப் பிடித்துக்கொண்டு போனது. அவன் சட்டையில் ரத்தம். அன்றைக்கு யார் சட்டையில்தான் ரத்தம் இல்லை. ஸ்டேஷனில் அவனை அடித்த அடியில் ஒரு கண் மூடியே கிடக்கிறதாம்.

நான் எதையும் பார்க்கவில்லை. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆலையில் கையை நசுக்கிக்கொண்டதால் எழுத்து கோணல். பொறுத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

தம்பி,
வாட்டிசோனி


சுவா,
மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

உன் கை ஆறியதா? ஆலையில் இப்போது பழுதுபார்ப்பு மட்டும்தானே, அதற்குள் எப்படி நசுங்கியது?

நான் இங்கே வாரத்துக்கு நாலைந்து பேரைக் கொன்றுகொண்டிருக்கிறேன். பாடமே அதுதான். சும்மா 'அடித்தான்' என்று சொன்னால் எங்கள் மொழியில் பாதி சொன்னது மாதிரி. கை எப்படி மூடியிருந்தது, அடி எங்கே விழுந்தது, விழுந்தவன் எந்தப் பக்கம் சாய்ந்தான், எல்லாம் உடம்பில் வர வேண்டும். அடித்தவனும் நானே, அடிபட்டவனும் நானே. நேற்று ஒரு பெண்ணை அவள் புருஷன் சுவரில் மோதியதை மொழிபெயர்த்தேன். மாலையில் சோப்புப் போடக் கையைத் தூக்கினால் என் கையைப் பார்த்து நானே தலையைக் குனிந்துகொள்கிறேன். ஒருத்தி வாந்தி எடுத்தாள். கிளெண்டா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "நல்லா எடு. எடுத்துட்டு மறுபடி முதல்லேர்ந்து அடி" என்றாள்.

இனி சொல்லப்போவதைச் சொல்லக்கூடாது. சொல்கிறேன்.

உங்கள் எசாவா வழக்கு எங்கள் வகுப்புக்கு வந்துவிட்டது. பார்த்த சாட்சி ஒரே ஒருத்தி, ஆற்றில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த அலுமிட்டா, பள்ளிக்கூடம் பார்க்காத காது கேளாதவள். பேருந்து நிறுத்தத்தில் நீ அவளோடு கையாட்டிப் பேசுவாய் என்று எழுதியிருக்கிறாயே, அதே பெண். போலீஸ் எடுத்த வீடியோவைப் போட்டார்கள். ஒரு விரலால் கழுத்தைக் குறுக்கே கோடு இழுக்கிறாள், பிறகு ஓங்கி ஓங்கி அடிக்கிறாள், பிறகு விழுகிறாள். காது கேட்கும் மொழிபெயர்ப்பாளர் "கழுத்தை அறுத்தான்" என்று சொல்லியிருக்கிறார். டாக்டரோ எசாவாவின் கழுத்தில் கீறல்கூட இல்லை என்கிறார். சௌலாவின் படத்தைக் காட்டினால் அலுமிட்டா தலையை ஆட்டி இல்லை என்கிறாள். ஆனால் அறுக்காத கழுத்தை அறுத்ததாகச் சொன்னவள் பேச்சை யார் நம்புவார்கள்? சௌலாவுக்கு ஆயுள் தண்டனை நிச்சயம் என்கிறார்கள்.

கிளெண்டா வீடியோவை அங்கேயே நிறுத்திக் கேட்டாள்: "கோடு இழுக்கறப்ப மூஞ்சியப் பாருங்க. கோவம் இருக்கா?"

இல்லை. மூஞ்சி அமைதியாக இருந்தது. எனக்குப் பளிச்சென்று பட்டது. அது செயல் இல்லை, ஆள். எங்களில் யாரும் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுவதில்லை, உடம்பில் உள்ள அடையாளம்தான் பெயர். மருக்காரன், நொண்டிக்காலன், நான் தொப்பைக்காரன். அவள் கழுத்தில் கோடு உள்ள ஒருத்தனைச் சொல்கிறாள். எழுந்து சொன்னேன். கிளெண்டா என் முதுகில் ஒரு குத்து விட்டாள். பாராட்டாம். இன்னும் வலிக்கிறது.

முள்கம்பி உன் கழுத்தைக் கிழித்த நாளிலிருந்து உனக்கு நான் வைத்த பெயரும் அதுதானே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். உங்கள் பக்கம் கழுத்தில் தழும்பு உள்ளவர்கள் நிறையவா? சும்மாதான் கேட்கிறேன். உன் தழும்பைப் பற்றி நான் கிளெண்டாவிடம் சொல்லவில்லை.

லிட்டியாவை விசாரித்ததாகச் சொல்.

கிட்டியோனி


லம்பாசா,
மார்ச் 30

அன்புள்ள அண்ணா,

இருவரும் சுகம். மழை விடவில்லை. மரவள்ளி அழுகுகிறது.

எங்கள் பெரியவர்கள் எசாவா வீட்டுக்கு வழக்கப்படி திமிங்கிலப் பல் எடுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டார்கள். எந்த வீட்டுக்காக என்று சொல்லாமல், ஊர் முழுவதற்குமாக. எசாவாவின் அப்பா பல்லைத் தொடவில்லை. வாசலில் நின்றவர்கள் மேல் கோடரியை வீசினார். படவில்லை.

அந்தப் பெண் சுவாவுக்கு வருவாளா, நீங்கள் இங்கே வருவீர்களா? யார் கூட்டிவருவார்கள்? இங்கே எல்லாரும் கேட்கிறார்கள்.

கழுத்தில் தழும்பு யாருக்குத்தான் இல்லை.

வாட்டிசோனி


சுவா,
ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு,

நலமா? உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்தால் நான் யாரிடம் வம்பு கேட்பது?

ஒரு சேதி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இந்த வழக்குக்கு மொழிபெயர்ப்பாளராகப் பயிற்சியாளர்களில் என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வகுப்பில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "ஓசைக்காரனுக்கு வந்த வாழ்வு" என்று ஒருத்தன் கையாட்டினான். புதுச் சட்டை, இடுப்பில் சுற்றப் புதுச் சுலு, செருப்புக்கூடப் புதுசு. வியாழன் 22ஆம் தேதி காலை லம்பாசா மிஷன் வீட்டில் அலுமிட்டாவைச் சந்திக்கிறோம். அவள் சித்தி கூட்டிவருவாள், வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம், ஆற்றோரப் பாதையில் நடந்தே வருகிறார்கள். வேலை முடிந்ததும் உன் வீட்டுக்கு வருவேன். லிட்டியாவைத் தேங்காய்ப்பாலில் மீன் வைக்கச் சொல்.

இதெல்லாம் ரகசியம். உனக்கு மட்டும்.

கிட்டியோனி


லம்பாசா,
ஏப்ரல் 23

தம்பிக்கு,

உன் வீட்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இரண்டு முறை வந்து கதவைத் தட்டினேன். திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. அதனால் காகிதத்தை இடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறதா?

அலுமிட்டா மிஷன் வீட்டுக்கு வந்து சேரவில்லை. மூங்கில் புதரிலிருந்து முகத்தில் சாக்கு மாட்டிய மூன்று பேர் வந்திருக்கிறார்கள். சித்தியை ஆற்றில் தள்ளினார்கள். அலுமிட்டாவைக் குப்புறப் போட்டு, துணி துவைக்கும் கல் மேல் கைகளை நீட்டிப் பிடித்து, சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு விரலாக. முகத்தில் ஒரு கீறல் இல்லை. காசு கேட்கவில்லை, துணியைத் தொடவில்லை. கை மட்டும்.

ஆஸ்பத்திரியில் பார்த்தேன். முழங்கை வரை மாவுக்கட்டு, வெளியே தெரியும் நுனிகள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கின்றன. என்னைப் பார்த்ததும் பேச முயன்றாள். தோளால், தாடையால், புருவத்தால். நான் மொழிபெயர்ப்பாளன் அல்லவா, உற்றுப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. டாக்டர், "என்ன சொல்றா?" என்றார். கூட வந்த காது கேட்கும் மொழிபெயர்ப்பாளர் பெண் அதைக் கையால் எனக்குச் சொன்னாள். நான் திருப்பி, "வலிக்குதுங்கறா" என்றேன். அதற்கு மொழிபெயர்ப்பாளன் எதற்கு?

மூவருக்கும் நேரமும் பாதையும் எப்படித் தெரியும் என்று போலீஸ் கேட்கிறது. நானும் கேட்கிறேன்.

கிட்டியோனி


லம்பாசா,
மே 2

மூத்த மச்சானுக்கு லிட்டியா எழுதுவது,

நான் திடமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். அன்றைக்குக் கதவைத் திறக்காததற்கு மன்னியுங்கள். திறந்தால் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதம்தான் மச்சான். அவர் அதைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க ஆரம்பித்தார். உங்கள் கடிதம் என்றால் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு உட்காருவார்கள். புதுச் செருப்புக்குச் சிரித்தார்கள். அதற்குமேல் அவர் வாசிக்காமல் மடித்தார். "என்னடா, நல்ல எடத்துல நிறுத்தற?" என்று வெரெனிக்கி பிடுங்கி மீதியைத் தானே உரக்க வாசித்தான். நான் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. "பயப்படாத, நாங்க இருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

இவர் அவர்களைப் போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை சேதி தெரிந்ததும் எழுந்தார். ஆலை வாசலில் வெரெனிக்கியைப் பிடித்து, சங்கிலியால் அடித்துத் தாடையை இரண்டாக்கிவிட்டார். நாலு பேர் பிடித்தும் நிற்கவில்லை. "கையையா? கையையா?" என்று கேட்டுக்கேட்டு அடித்தாராம். பிறகு நீங்கள் வந்தீர்கள், போனீர்கள். திங்கட்கிழமை குளித்து, தேவாலயத்துக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்து போனார். எசாவாவை அடித்தது யார் என்று அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார்.

நான் இங்கே தனியாகத்தான் இருக்கிறேன். வீட்டின் மேல் கல் விழுகிறது, எசாவாவின் ஆட்களா வெரெனிக்கியின் ஆட்களா தெரியவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிட்டியா


சுவா,
மே 16

அன்புள்ள லிட்டியாவுக்கு,

கல் நின்றதா? ஜன்னல் பக்கம் படுக்காதே. என் மேல் கோபம் இருந்தாலும் இதைக் கேள்.

கிளெண்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி, தழும்பு, கடிதங்கள், செருப்பு வரைக்கும். அவள் மேசையைப் புரட்டித் தள்ளினாள். நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள், கால் முறிந்து என் பக்கம் பறந்து வந்தது. பிறகுதான் கை பேசியது.

"அவ வெரல்ல அடிச்சது சுத்தியல் இல்ல. நீ. மொத நாளு என்ன சொன்னேன்?"

"உள்ள பாத்தது உள்ளயே."

"நீ எங்க வச்ச? யங்கோனாச் சட்டியில வச்ச."

காது கேட்கும் பெண் மூலையில் நின்று நாற்காலி உடைந்த ஓசையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். விதி. இந்த முறை யாரும் விழுந்து சிரிக்கவில்லை.

வழக்கிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். வாந்தி எடுத்தவள்தான் என் இடத்தில். படிப்பிலிருந்தும் நீக்கியிருப்பார்கள், கிளெண்டா தடுத்துவிட்டாள். "இவன் பின்வரிசையில உக்காந்திருக்கட்டும். புதுசா வர்றவங்களுக்குக் காட்ட ஒரு ஆள் வேணும்" என்றாளாம். ஆக, நான் இப்போது பாடப்பொருள்.

வாட்டிசோனியைப் பார்க்க விடுகிறார்களா? எழுது.

கிட்டியோனி


லம்பாசா சிறை,
ஜூன் 6

அன்புள்ள அண்ணா,

சுகம்தான். மரவள்ளியும் தேநீரும் தருகிறார்கள். முதல் வாரம் எசாவாவின் உறவுக்காரன் ஒருவன் இரண்டு விலாவை உடைத்தான். இப்போது நாங்கள் இருவரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறோம். உன் உடம்பு எப்படி?

ஏன் என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். தோற்ற கடுப்பில் இருந்தோம். எசாவா எதிரில் வந்து, "என்னடா, ஊமையன் தம்பி" என்று சொல்லி, கையை முகத்துக்கு முன்னால் குரங்கு மாதிரி ஆட்டிக் காட்டினான். உன்னைப் போல. அவ்வளவுதான். குழாய் எங்கிருந்து கைக்கு வந்தது தெரியவில்லை. முதல் அடியிலேயே விழுந்துவிட்டான். நான் நிறுத்தவில்லை.

அக்கரையில் அலுமிட்டா இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். ஓடிவிட்டேன்.

உன் மார்ச் கடிதம் வந்த அன்றே எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. படித்தவர்கள் யாருக்கும் தெரியாததை நீ வாசித்துவிட்டாய். அவள் என் பெயரைச் சொல்லிவிட்டாள், நீ அதை வாசித்துவிட்டாய், இனி ஒளிய எங்கே இடம்? அன்றே போயிருந்தால் அவள் கை இருந்திருக்கும். போகவில்லை. உன் மேல் கோபம் இல்லை அண்ணா. வாசிக்கத் தெரிந்தவன் வாசித்தாய்.

சௌலாவை விட்டுவிட்டார்கள். லிட்டியா அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வாட்டிசோனி


சுவா,
ஜூலை 18

அன்புத் தம்பிக்கு,

விலா கூடிவிட்டதா? இருமும்போது அழுத்திப் பிடித்துக்கொள்.

உன் கடிதத்தைப் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். நேற்றுப் படிப்பு முடிந்தது. எல்லாருக்கும் மாலை போட்டார்கள், எனக்கும் ஒன்று, வாடியது. சான்றிதழ் கிடையாது.

நீ எழுதியதை ஒரு மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாசிக்கத் தெரிந்தவன் வாசித்தாய் என்று. என்னால் ஒரு பெண்ணின் கை போனது, தம்பி போனான், எல்லாம் சரி. ஆனாலும் ஒரு நிரபராதி வெளியே வந்தான், ஒருத்தி சொன்னது சபையில் ஏறியது, அதை வாசித்தவன் நான் என்று உள்ளுக்குள் ஒரு சின்னத் திமிர் இருந்தது. அதை உன்னிடம் மறைக்க முடியாது.

அலுமிட்டாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. வலது கையில் மூன்று விரல் மடங்குகிறது, இடது கையில் கட்டைவிரல் மட்டும். வாந்தி எடுத்தாளே, அந்தப் பெண் லம்பாசாவில் ஒரு வாரம் அவளோடு தங்கி, அவள் பேசும் பேச்சு முழுவதையும் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். என்னைப் போல வீடியோவைப் பார்த்து ஒரே நாளில் எழுந்து நிற்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து அவள் விளக்கியதைப் பார்த்தேன்.

கழுத்தில் இழுக்கும் கோடு தழும்பு இல்லை. துண்டு. கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு ஆலைக்குப் போகிற எல்லா ஆணுக்கும் அவளிடம் அதே பெயர்தான். வெரெனிக்கிக்கும் அதே. அடித்தவனை அவள் பின்பக்கமாகத்தான் பார்த்தாள். சௌலா ஆலைக்காரன் இல்லை என்று மட்டும் அவளுக்குத் தெரியும். ஆள் யார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

உனக்கு அவள் வைத்திருக்கும் பெயர் வேறு. இரண்டு கைகளையும் வாய்க்கு முன்னால் ஆட்டுகிறாள். கையால் பேசுகிறவன். வீடியோவின் தொடக்கத்தில், பயத்தில் அவள் கை நடுங்குகிறது என்று நாங்கள் வேகமாக ஓட்டிவிட்ட இடத்தில், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். தனக்கு மொழிபெயர்க்க உன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள்.

கிட்டியோனி